உமர் தம்பியின் எழுத்துருவும் நம் பிள்ளைகளின் கணினியும்



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் வேளையில் நம் வீடுகளில் ஒரு விவாதம் தவறாமல் எழும். பிள்ளைக்கு ஒரு கணினி வாங்கித் தருவதா வேண்டாமா என்பதே அது. சபரில் இருக்கும் வாப்பா, ‘பணம் அனுப்புகிறேன், வாங்கிக் கொடு’ என்பார். உம்மாவோ, ‘அதை வைத்துக்கொண்டு இவன் படிக்கவா போகிறான்’ என்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நான் அந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கற்பிக்கும் கருவிகள் நம் பட்டுக்கோட்டைச் சீமைக்கு எப்படி வந்தன, அவற்றுள் எது பயன்பட்டது, எது மூலையில் கிடந்தது என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்க்கவே விரும்புகிறேன். அப்படிப் பார்க்கும்போது, நமக்குப் பக்கத்து ஊரான அதிராம்பட்டினத்துக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுத இயலாது.

முதலில் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1789 அளவில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான காப்பகம் ஒன்றின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைப் பாதிரியார் ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தாளும் மையும் இல்லாமலே எழுத்து வந்தது. மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் ‘சட்டாம்பிள்ளை’ வழக்கமும் நம் திண்ணைப் பள்ளிகளில் இருந்தது. இவற்றைத் தம் காப்பகத்தில் நடைமுறைப்படுத்திய பெல், 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூலொன்றை வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பரவியது. கல்வித் தொழில்நுட்பம் எப்போதும் மேற்கிலிருந்து கிழக்கே வருவது என்று எண்ணுவோர் இந்த மணலைச் சற்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஓதப்பள்ளிகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மரப்பலகையில் எழுதி, ஓதி, பாடம் மனத்தில் பதிந்தபின் கழுவி, மறுநாள் பாடத்தை அதே பலகையில் எழுதிய தலைமுறைகள் இருந்தன. அதைவிடப் பெரிய செய்தி அரபுத்தமிழ். தமிழின் ப, ட, ண, ள, ழ, ங போன்ற ஒலிகளுக்கு அரபியில் எழுத்துகள் இல்லை. நம் முன்னோர் அதற்காகத் தமிழைக் கைவிடவில்லை, அரபியையும் விட்டுவிடவில்லை. இருக்கின்ற அரபி எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி, தமிழின் ஒலிகளுக்கு இடம் செய்து கொடுத்தனர். குர்ஆன் ஓதப் பழகியிருந்தும் தமிழ் எழுத்துப் பயிலாத எத்தனையோ பெண்கள், வீட்டுக்குள் இருந்தபடியே மார்க்கச் சட்டங்களைத் தம் சொந்த மொழியில் படித்தது இவ்வாறுதான். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) இந்த எழுத்தில் எழுதிய நூல்கள் வீடுதோறும் ஓதப்பட்டன. வேறொரு மொழிக்கென அமைந்த கட்டங்களுக்குள் தமிழை எப்படி உட்கார வைப்பது என்ற இதே சிக்கல், நூறு ஆண்டுகள் கழித்துக் கணினியின் முன் மீண்டும் எழுந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வானொலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பட்டது. நம் டெல்டாவில் அது செய்த வேலைக்கு ஒரு சான்று வயலில் முளைத்தது. 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல்லை வெளியிட்டது. அதை எப்போது நடுவது, எவ்வளவு உரமிடுவது என்று திருச்சி வானொலி நாள்தோறும் சொன்னது. கேட்டுப் பயிரிட்ட தஞ்சை மாவட்ட விவசாயிகள் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரு கருவியின் வழியாகக் கற்றார். காரணம் எளிது. சொன்னது அவருடைய தமிழில் இருந்தது. சொன்ன பொருள் அவருடைய வயலில் இருந்தது. சந்தேகம் வந்தால் கேட்க விவசாயத் துறை ஊழியர் ஒருவர் ஊருக்கே வந்துபோனார். இந்த மூன்றும் சேர்ந்து அமைந்த கல்விக் கருவிகள் பின்னாளில் மிகச் சிலவே.

பள்ளிகளுக்குக் கணினி வந்தது 1984–85இல். மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற பெயரில் ஒரு முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கி, நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ என்னும் பிரிட்டிஷ் கணினிகளை வழங்கியது. கோடிக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் நாட்டில் 250 பள்ளிகள் என்பது கடலில் கரைத்த பெருங்காயம். அந்தக் கணினிகள் ஆங்கிலம் மட்டுமே அறிந்தவை.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கணினி பரவலாக நுழைந்தது 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும்தான். மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் ஒரு பாடமாயிற்று. ஸ்டார் ஆபீஸ் என்ற மென்பொருளும் சி++ என்ற நிரல்மொழியும் பாடநூலில் இடம்பெற்றன. தமிழ்வழி மாணவருக்குத் தமிழிலேயே பாடநூல் இருந்தது என்பது பாராட்டத்தக்கது. ஆனால் பாடநூலில் தமிழ் இருந்ததே தவிர, திரையில் தமிழ் இல்லை. ஒரு கணினியின் முன் நான்கைந்து பேர் அமர, நிரலைக் குறிப்பேட்டில் எழுதி மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவர்கள் இன்று நம் குடும்பங்களில் முப்பது, நாற்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

திரையில் ஏன் தமிழ் இல்லை? இதைச் சற்று விளக்க வேண்டும். கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று முன்கூட்டியே உடன்பட்டுக்கொண்டால்தான் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியும். ஆங்கிலத்திற்கு அந்த உடன்பாடு வெகுகாலம் முன்பே அமைந்துவிட்டது. தமிழுக்கு அமையவில்லை. எழுத்துரு செய்த ஒவ்வொருவரும், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலும் அவற்றை அடுத்த எண்களிலும் தமக்கு வசதிப்பட்ட வரிசையில் தமிழ் எழுத்துகளை வைத்தனர். விளைவு என்ன? ஒருவர் தம் கணினியில் ‘அம்மா’ என்று எழுதி அனுப்பினால், அதே எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் தெரிந்தது. துபையிலிருந்து தமிழில் வந்த மின்னஞ்சலை ஊரில் இருப்பவர் படிக்க வேண்டுமானால், முதலில் அந்த எழுத்துருவைத் தேடிப் பிடித்து நிறுவ வேண்டும்.

இதைத் தீர்க்கப் பலர் உழைத்தனர். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களை எவரும் விலையின்றிப் படிக்க இணையத்தில் ஏற்றலானார். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகையும், எழுத்துருக் குறியீடுகளுக்கான தரமும் அங்கே வகுக்கப்பட்டன. இதற்கிடையே, உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண்களை ஒதுக்கும் யூனிகோட் முறையில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. இருந்தும் நம் ஊர் இணைய மையங்களிலும் பள்ளிகளிலும் அன்று ஓடிக்கொண்டிருந்தவை பெரும்பாலும் விண்டோஸ் 98 கணினிகள். அவற்றில் யூனிகோட் தமிழ் எழுத்துரு கிடையாது. யூனிகோடில் எழுதப்பட்ட தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். தமிழ் கணினிக்குள் வந்துவிட்டது, ஆனால் பட்டுக்கோட்டையின் கணினிக்குள் வரவில்லை.

இங்கேதான் உமர் தம்பி வருகிறார்.

1953இல் அதிராம்பட்டினத்தில் பிறந்தவர். அதே ஊரில் 1955இல் தொடங்கப்பட்ட காதிர் முகைதீன் கல்லூரியில் படித்தவர். தம் ஊரிலேயே கல்லூரி இருந்ததன் பயன் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்களில் இவரும் ஒருவர். மின்னணுவியல் பயின்று, வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்து, பிறகு நம்மில் ஆயிரக்கணக்கானோரைப் போலவே துபைக்குச் சென்று, மின்னணுச் சாதனங்களைச் சரிசெய்யும் பணியில் நெடுங்காலம் இருந்தார். கணினியைத் தாமாகவே கற்றார். தமிழ் எழுத்துரு செய்வது அவருடைய தொழிலன்று. எந்த நிறுவனமும் அதற்கு அவரை அமர்த்தவில்லை. வேலை முடிந்து கிடைத்த நேரத்தில் செய்தார்.

அவர் உருவாக்கிய ‘தேனீ’ ஓர் இயங்கு எழுத்துரு. அதாவது, படிப்பவர் தம் கணினியில் எதையும் நிறுவ வேண்டாம். இணையப் பக்கமே தனக்கு வேண்டிய எழுத்துருவைக் கூடவே சுமந்துகொண்டு வரும். பக்கம் திறந்ததும் எழுத்துரு தானாக வந்து இறங்கும்; கட்டங்கள் மறைந்து தமிழ் தெரியும். இணையதளம் நடத்துபவர் தம் பக்கத்தின் நிரலில் ஓரிரு வரிகளைச் சேர்த்தால் போதும். பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். பூவைத் தேடிப் பிள்ளை போக வேண்டாம், தேனீ சுமந்து வந்துவிடும்.

இதன் அருமை இன்று உடனே விளங்காது. அன்று இணைய மையத்தில் மணிக்கணக்கில் காசு கொடுத்துக் கணினியைத் தொட்ட மாணவனுக்கு அதில் எதையும் நிறுவும் உரிமை இல்லை. பள்ளிக் கணினியிலும் அப்படியே. நிறுவத் தெரிந்த ஆசிரியரும் அரிது. எழுத்துருவை நிறுவினால்தான் தமிழ் படிக்கலாம் என்ற நிபந்தனை, வசதியில்லாத பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிடும். தேனீ அந்த நிபந்தனையை நீக்கியது. 2003க்குப் பிறகு தமிழில் வலைப்பூக்கள் பெருகியபோது பலரும் தேனீயைத் தம் பக்கங்களில் பொருத்திக்கொண்டனர்.

அத்தோடு அவர் நிற்கவில்லை. ‘வைகை’, ‘உமர்’ என்று வேறு எழுத்துருக்களையும் செய்தார். ஆங்கில விசைகளில் ஒலிப்படி தட்டினால் யூனிகோட் தமிழ் வரும் எழுதியை ஆக்கினார். பழைய குறியீடுகளில் இருந்தவற்றை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளைச் செய்தார். யூனிகோட் என்றால் என்ன, தமிழுக்கு அது ஏன் வேண்டும் என்பதைப் பாமரருக்கும் விளங்கும்படி ‘யூனிகோடும் தமிழ் இணையமும்’ என்ற தொடரை எழுதினார். இந்தக் கடைசிப் பணியையே நான் மிக உயர்வாகக் கருதுகிறேன். கருவியைச் செய்பவர்கள் பலர். அதை ஏன் செய்தோம் என்று ஆசிரியரைப் போல் உட்கார்ந்து விளக்குபவர்கள் சிலர். ஊர் திரும்பிய பின்னும் அவர் இந்தப் பணியை விடவில்லை. எதற்கும் அவர் விலை வைக்கவில்லை. பயன் தரும் கல்வி, அதை விட்டுச் சென்றவரின் மறைவுக்குப் பின்னும் நன்மையைச் சேர்த்துக்கொண்டிருக்கும் என்று நாம் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தோமே, அதற்கு இவ்வளவு கண்கூடான உதாரணத்தை நம் வட்டாரத்தில் நான் வேறு காணவில்லை.

2006 ஜூலை 12 அன்று உமர் தம்பி இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். வயது 53. அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, மண்ணறையை விசாலமாக்கி வைப்பானாக. நான்கு ஆண்டுகள் கழித்து, 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, அதனோடு நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதே மாதத்தில்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தமிழுக்கான தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது. அரசு வந்து சேர்ந்த இடத்துக்கு ஒரு வானொலிப் பழுதுநீக்குநர் சில ஆண்டுகள் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்.

மறு ஆண்டு, 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளிகளோடு அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவரும் அதில் அடங்கியதால், நம் சமுதாயப் பெரியவர்கள் நிறுவிய உதவிபெறும் பள்ளிகளின் பிள்ளைகளுக்கும் மடிக்கணினி கிடைத்தது. மீன்பிடிப்பவர் வீட்டிலும், கூலிக்கு நாற்று நடுபவர் வீட்டிலும் முதல் கணினி அதுதான். பெண் பிள்ளைகளுக்கு அது இன்னொரு வகையிலும் உதவியது. இணைய மையத்துக்குத் தனியாகப் போகத் தயங்கிய மகள், உம்மாவின் பக்கத்தில் அமர்ந்து கணினியைத் திறக்க முடிந்தது. இத்திட்டத்தைக் குறை கூறுவோர் சொல்வதிலும் உண்மை உண்டு. சிலர் விற்றார்கள், சிலர் திரைப்படம் மட்டும் பார்த்தார்கள். கொடுத்த கையோடு, அதில் எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது என்று உடனிருந்து காட்டும் ஆசிரியருக்கான ஏற்பாடு போதுமான அளவில் இல்லை. ரேடியோ நெல்லுக்கு இருந்த அந்த மூன்றாவது துணை இங்கே குறைந்துபோயிற்று. ஆனாலும் அந்த மடிக்கணினிகளைத் திறந்தபோது தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2018இல் புதிய பாடநூல்கள் வந்தன. பாடத்தின் ஓரத்தில் சிறு சதுரக் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். கைப்பேசியால் அதைப் படம்பிடித்தால் பாடம் தொடர்பான காணொளி திறக்கும். நல்ல ஏற்பாடு. அதே ஆண்டு நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் பட்ட பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளைப் போல் வளர்த்த தென்னைகள் ஓரிரவில் சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பள்ளிக்கூடங்கள் நிவாரண முகாம்களாயின. ஓட்டு வீடுகளில் நனைந்த புத்தகங்களைப் பிள்ளைகள் வெயிலில் காயவைத்தார்கள். நனைந்த புத்தகம் காய்ந்தால் தாள் சுருங்கியாவது மிஞ்சும், படிக்கலாம். நனைந்த மடிக்கணினி என்னவாகும்? நனையாமல் தப்பியவையும் மின்னூட்ட வழியின்றி மூடிக் கிடந்தன. அந்த அரையாண்டில் டெல்டாப் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது மெழுகுவர்த்தியும் அச்சுப் புத்தகமும், வீடு வீடாக வந்து விசாரித்த ஆசிரியர்களுமே. கணினிக் கல்வி பற்றித் திட்டமிடுவோர் கடலோர மாவட்டங்களுக்கென்று தனியாக ஒரு கணக்குப் போட வேண்டும் என்பது என் கருத்து. புயல் மீண்டும் வராது என்று யாரும் உறுதி தர முடியாது.

அதற்கு அடுத்த சோதனை 2020 மார்ச்சில் வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி வீட்டுக்குள் பாடம் நடத்தியது. தனியார் பள்ளிகள் கைப்பேசியில் வகுப்பெடுத்தன. ஒரே கைப்பேசி, மூன்று பிள்ளைகள் என்றிருந்த வீடுகளில், பத்தாம் வகுப்பு அண்ணனுக்கே முதலிடம். நான்காம் வகுப்புத் தங்கைக்குக் கடைசி இடம். 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகள் 2021 செப்டம்பர் 1 அன்றும், 1 முதல் 8 வரையுள்ளவை நவம்பர் 1 அன்றும் மீண்டும் திறந்தன. திறந்தபோது, எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறிய சிறுபிள்ளைகளைக் கண்டு ஆசிரியர்கள் கலங்கினார்கள். அதைச் சரிசெய்ய அரசு அக்டோபர் 27 அன்று தொடங்கிய திட்டம் ‘இல்லம் தேடிக் கல்வி’. அதில் பெரிய கருவி எதுவும் கிடையாது. மாலையில் ஒன்றரை மணி நேரம், பக்கத்துத் தெருவின் தன்னார்வலர் ஒருவர், அவரைச் சுற்றி சுமார் இருபது பிள்ளைகள். தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆண்ட்ரூ பெல் பார்த்த திண்ணைதான் திரும்பி வந்ததோ என்று எனக்குத் தோன்றியது.

இப்போது அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் திறன்மிகு வகுப்பறைகளும் அமைந்து வருகின்றன. பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்துப் பேசினாலே தமிழ் எழுத்தாக விழுகிறது. எழுத்துருவைத் தேடியலைந்த காலத்தை அவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். தேனீயும் இன்று யாருக்கும் தேவைப்படுவதில்லை. அந்த வகை இயங்கு எழுத்துருவைத் திறக்கத் தெரிந்த உலாவி இன்டர்நெட் எக்ஸ்புளோரர். 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டது. ஆனால் இணையப் பக்கம் தன் எழுத்துருவைத் தானே சுமந்து வரும் அந்த வழக்கம் நின்றுவிடவில்லை. வேறு வடிவில், உலகின் எல்லா மொழிகளிலும், அதுவே இன்று பொது வழக்கம்.